நண்பனிடம் துவக்கு வாங்கலாமா?

இந்த மாதம் கேள்விப் பெட்டிக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் நமது சபை வாலிபர். வயது 23. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"அங்கிள், என்னோடு வேலை செய்யும் நண்பனுடன் போன வருடம் இரண்டு தடவை வாத்து வேட்டைக்குப் போனேன். நான் சுடவில்லை, கூட இருந்து பார்த்தேன். மிகவும் பிடித்துவிட்டது. பிறகு பயிற்சி எடுத்து, சோதனை பாஸ் பண்ணி, அனுமதிப்பத்திரமும் வந்துவிட்டது. நண்பன் இப்போது புதிய துவக்கு வாங்கப் போகிறான். தன்னுடைய பழைய ரெமிங்டன் 1100, 12 கேஜ் செமி ஆட்டோமேட்டிக் ஷொட்கன்னை எனக்கு 600 டொலருக்குத் தருவதாகச் சொல்கிறான். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அப்பா, அம்மா, அம்மம்மா, 15 வயதுத் தம்பி எல்லாரும் இருக்கிறோம். 'துவக்கு இந்த வீட்டு வாசற்படி ஏறக்கூடாது' என்று அம்மா சொல்லிவிட்டா. வேட்டை பாவமா? இதை வாங்கலாமா? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைக்கலாம்?"

தம்பி, ஒளித்து வாங்காமல் முதலில் கேட்டது நல்லது. உமது மூன்று கேள்விகளுக்கும் வரிசையாகவே பதில் எழுதுகிறேன். துவக்குப் பற்றிய விஷயங்களை, நமது சபையில் பல வருடமாக வேட்டைக்குப் போகும் ஒரு அண்ணாவிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

வேட்டை பாவமா என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஈசாக்கு தன் மகன் ஏசா வேட்டையாடிக் கொண்டுவந்த இறைச்சியை விரும்பிச் சாப்பிட்டவர். வன்னியில் பயிரைப் பன்றி அழிக்காமல் காக்க இடியன் துவக்கு வைத்திருந்த கமக்காரர்களை நம் பெரியவர்களுக்குத் தெரியும். நியாயப்பிரமாணம் வேட்டைக்குத் தடை போடவில்லை, எல்லை போட்டது. உபாகமம் 22ஆம் அதிகாரம் 6ஆம் 7ஆம் வசனங்களை வாசித்துப் பாரும். கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவையை அவற்றோடு சேர்த்துப் பிடிக்கக்கூடாது என்று அங்கே இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை பறவைதான், இந்தக் காலத்தில்தான் என்று இன்று கனடாவின் சட்டம் சொல்வதும் அதே வழிதான். அந்த எல்லைக்குள் நின்று, சுட்டதை வீணாக்காமல் சாப்பிடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கு அடுத்த வசனத்தையும் வாசியும். புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்பது 8ஆம் வசனத்தின் கருத்து. மாடி வைப்பதைக் கர்த்தர் தடுக்கவில்லை. ஆனால் யாரும் விழுவதற்கு முன்பே சுவர் கட்டுவது வீட்டுக்காரனின் கடமை. துவக்கு வாங்குவதும் அப்படித்தான். உமக்கு அனுமதி இருக்கிறது. கைப்பிடிச்சுவர் கட்டியாகிவிட்டதா என்பதுதான் கேள்வி.

இனி வாங்குவது பற்றி. நண்பனிடம் வாங்கும்போது ஒரு சங்கடம் உண்டு. கடையில் கேட்கும் கேள்விகளை நண்பனிடம் கேட்க வாய் வராது. "அவன் என்னை ஏமாற்றுவானா?" என்று நினைத்து விட்டுவிடுவோம். ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் சாராளை அடக்கம் பண்ண மக்பேலா குகையை வாங்கிய விதத்தைப் பாரும். எப்பெரோன் நிலத்தைச் சும்மா தருவதாகத்தான் முதலில் சொன்னான். ஆபிரகாம் அதை ஏற்கவில்லை. ஊரார் கேட்க விலை பேசி, 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, எல்லை எது, மரங்கள் எவை என்பது வரை தெளிவாக்கி வாங்கினார். பின்னால் ஒரு வழக்கும் வர இடம் வைக்கவில்லை. நண்பனிடம் வாங்கும்போது இந்த ஒழுங்கு இன்னும் அதிகமாகத் தேவை, ஏனென்றால் பிசகினால் காசோடு நட்பும் போகும்.

சட்டம் கேட்பது இதுதான். 2022 மே 18 முதல், ஷொட்கன் போன்ற சாதாரண வேட்டைத் துவக்கைத் தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்றாலும், விற்பவர் வாங்குபவரின் அனுமதிப்பத்திர விபரத்தைத் துவக்குப் பதிவாளரிடம் கொடுத்துச் சரிபார்த்து, ஒரு உறுதி இலக்கம் பெற வேண்டும். அது வந்த பிறகுதான் துவக்குக் கைமாறலாம். இதைச் செய்ய வேண்டியவர் உமது நண்பர். "நாங்கள் தெரிந்த ஆக்கள்தானே, அதெல்லாம் எதற்கு?" என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளும். அன்பாகச் சொல்லி வந்துவிடும்.

சாதாரண வேட்டைத் துவக்குகளின் பதிவேடு 2012இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே காருக்கு இருப்பதுபோல உரிமைப் பத்திரம் இதற்கு இல்லை. நீங்கள் இருவரும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தயாரிப்பாளர், மாடல், தொடர் இலக்கம், விலை, திகதி, உறுதி இலக்கம், இருவர் கையொப்பம். ஆளுக்கு ஒரு பிரதி. துவக்கு எங்கே, யாரிடம், எப்போது வாங்கியது என்றும் நண்பரிடம் கேளும். நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

2020 மே 1 அன்று மத்திய அரசு சுமார் 1,500 மாடல்களைத் தடை செய்தது. 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் இன்னும் பல சேர்ந்தன. செமி ஆட்டோமேட்டிக் எதை வாங்குவதானாலும், காசு கொடுப்பதற்கு முன் அந்த மாடல் இன்று எந்த வகுப்பில் இருக்கிறது என்று ஆர்.சி.எம்.பி.யின் துவக்கு அட்டவணையில் பாரும். கடையில் நின்று விசாரித்தாலும் சொல்வார்கள்.

இனித் துவக்கின் நிலை. ரெமிங்டன் 1100 1963இல் வந்த மாடல். வெடிக்கும்போது எழும் வாயுவில் ஒரு பங்கு குழலில் உள்ள சிறு துளை வழியாக வந்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுகிறது. அந்த வேலைக்கு வாயு செலவாவதால் தோளில் உதை குறைவு. பலருக்கு இது பிடிப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் வாயுவோடு கரியும் வரும். துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, தோட்டாக் குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, தோளில் வைக்கும் கட்டைக்குள் இருக்கும் சுருள்வில் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாத்து வேட்டை என்றால் மழையும் சேறும்தான். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துரு இருக்கலாம். ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது மலிவான சாமான். குழல் வளைந்திருந்தால், பள்ளம் விழுந்திருந்தால், உள்ளே குழிகுழியாக அரித்திருந்தால் வேண்டாம்.

குழலில் பொறித்திருக்கும் அளவை வாசியும். 2¾ அங்குலம் என்று இருந்தால் 3 அங்குலத் தோட்டா போடவே கூடாது. பார்வைக்கு உள்ளே போய்விடும், வெடிக்கும்போது அழுத்தம் கூடும். இன்னொன்று சன்னம். கனடாவில் வாத்து, வாத்துக்கூஸ் போன்ற பெரும்பாலான வலசைப்பறவைகளுக்கு 1999 முதல் ஈயச் சன்னம் கூடாது. அதற்குப் பதிலாகப் பலர் போடும் உருக்குச் சன்னம் ஈயத்தைவிடக் கடினமானது, நசுங்காது. பழைய குழலின் வாய் மிகவும் ஒடுக்கமாக இருந்தால் அதைச் சேதப்படுத்தலாம். துவக்குத் திருத்துபவரிடம் ஒரு தடவை காட்டி, இந்தக் குழலில் உருக்குச் சன்னம் சுடலாமா என்று கேளும். அந்தச் செலவை விலையோடு சேர்த்துக் கணக்குப் பாரும். வலசைப்பறவை வேட்டையில் மொத்தம் மூன்று தோட்டாதான் ஏற்றலாம், குழாயில் இரண்டு, அறையில் ஒன்று. அதற்கான அடைப்பு உள்ளே இருக்கிறதா என்றும் பாரும்.

பார்த்தது போதாது, சுட்டுப் பார்க்க வேண்டும். களிமண் தட்டுச் சுடும் மைதானத்துக்கு நண்பரோடு போய், இரண்டு பெட்டித் தோட்டாவாவது சுடும். சிக்குகிறதா, உமது தோளுக்கும் கை நீளத்துக்கும் பொருந்துகிறதா என்று தெரியும். சவுலின் கவசத்தைப் போட்டுப் பார்த்த தாவீது, பழக்கமில்லாததால் கழற்றி வைத்துவிட்டுப் போனான். அரசனின் கவசம் நல்லதுதான், அவனுக்குத்தான் அது சரிவரவில்லை.

முதல் துவக்காக செமி ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. பம்ப் துவக்கில் அடுத்த தோட்டா ஏற வேண்டுமானால் நீர் கையால் இழுக்க வேண்டும். இதில் சுட்ட மறுகணம் அடுத்த தோட்டா தானாக அறைக்குள் வந்து நிற்கும். பறவை விழுந்த சந்தோஷத்தில் திரும்பி நண்பரைப் பார்க்கும்போது உமது கையில் இருப்பது மறுபடி சுடத் தயாரான துவக்கு. குழாயில் இருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டு, அறையில் இருக்கும் ஒன்றை மறப்பதும் நடக்கும். இது பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்ததுதான். ஆனால் வகுப்பில் கேட்டது கைப்பழக்கமாக மாற ஒரு பருவமாவது வேண்டும்.

விலையைப் பற்றியும் கேட்டீர். 600 டொலர் சரியா என்று அறிய, பழைய துவக்கு விற்கும் இரண்டு கடைகளில் அதே மாடல் என்ன விலை போகிறது என்று பாரும். ஆனால் 600 என்பது முதல் செலவு மட்டும்தான். பூட்டும் இரும்பு அலுமாரி, விசைப் பூட்டு, தோட்டா, அவுட்டோர்ஸ் கார்ட், சிறு விலங்கு வேட்டை அனுமதி, மத்திய அரசின் வலசைப்பறவை அனுமதி, அதற்கான முத்திரை, மைதானக் கட்டணம், லேக் ஈரிப் பக்கம் போய்வரப் பெற்றோல் எல்லாம் சேரும். எத்தனை நாள் போவீர் என்றும் எண்ணிப் பாரும். சனிக்கிழமை உமக்கு வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தீர். பிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே ஞாயிற்றுக்கிழமை துவக்கு வேட்டை, அதை ஏற்றுக்கொண்ட நகராட்சிகளில் மட்டும்தான். ஏற்றுக்கொண்ட இடத்திலும் உமக்கு ஆராதனை இருக்கிறது. வருடத்தில் மூன்று நாள் பாவிக்க ஒரு துவக்கு 362 நாள் வீட்டில் இருக்கும்.

அந்த 362 நாள்தான் அம்மாவின் கேள்வி.

சட்டப்படி துவக்கைத் தோட்டா இல்லாமல் வைக்க வேண்டும். விசைப் பூட்டுப் போட வேண்டும், அல்லது எளிதில் உடைக்க முடியாத அலுமாரியில் பூட்ட வேண்டும். தோட்டாவைத் துவக்கோடு கைக்கு எட்டும்படி திறந்து வைக்கக்கூடாது. நான் சொல்வேன், பூட்டும் போடும், அலுமாரியிலும் வையும், தோட்டாவை வேறு பெட்டியில் பூட்டும். திறப்பு எங்கே இருக்கிறது என்பது உமக்கு மட்டும் தெரிய வேண்டும். 15 வயதுத் தம்பிக்கு வீட்டில் எந்தத் திறப்பு எங்கே தொங்குகிறது என்று அம்மாவைவிட நன்றாகத் தெரியும்.

இதைவிடப் பாரமான ஒன்றையும் நம் சபையில் வாய் திறந்து பேச வேண்டும். கனடாவில் துவக்கால் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவை கொலைகள் அல்ல. மனமுடைந்தவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே எடுத்துக்கொள்பவை. அனுமதிப்பத்திர விண்ணப்பத்தில் மனச்சோர்வு, பிரிவு, வேலை இழப்பு பற்றிக் கேள்விகள் இருந்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் கேள்விகள் உம்மைப் பற்றி மட்டும் கேட்டன. வீட்டில் உள்ள மற்ற நால்வரைப் பற்றி நீர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை போய் அறைக்குள் இருக்கும் அப்பா, பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லாத தம்பி, இரவில் தூங்காத ஒருவர், இப்படி யாராவது வீட்டில் இருந்தால் துவக்கு அந்த வீட்டுக்குள் இப்போது வரக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அது விசுவாசக் குறைவும் அல்ல, வெட்கமும் அல்ல, மாடிக்குச் சுவர் கட்டுவதுதான். இதை வாசிக்கும் யாருக்காவது அந்தப் பாரம் இப்போது இருந்தால், போதகரிடமோ என்னிடமோ எந்த நேரமும் வாருங்கள். 9-8-8 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எப்போதும் போன் பண்ணலாம்.

இனி அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? தம்பி, அந்தக் கேள்வியை மாற்றும். அம்மாவிடம் ஏன் என்று கேட்டீரா? சட்டத்தையும் பூட்டையும் விளக்கினேன் என்று எழுதியிருக்கிறீர், அவ சொன்னதை எழுதவில்லை. நீர் துவக்கு என்று சொல்லும்போது உமக்கு ஏரியும் விடியற்காலையும் தெரிகிறது. அவவுக்கு வேறு வாசல், வேறு ஆட்கள் தெரியலாம். 1987ஆ, 1990ஆ, 1995 இடப்பெயர்வா, 2009ஆ, எந்த வருடம், எந்த ஊர் என்று உமக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் நம் தாய்மார் பலர் அதைச் சொன்னதே இல்லை. ஒரு நாள் தேத்தண்ணியோடு உட்கார்ந்து கேளும். பதில் சொல்ல எதையும் தயார்படுத்திக்கொண்டு போக வேண்டாம். அவ சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடும்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் பவுல் இறைச்சி சாப்பிடுவது பற்றிப் பேசுகிறார். சாப்பிடுவதில் குற்றமில்லை என்றுதான் அவர் நினைக்கிறார். ஆனாலும் அது ஒரு சகோதரனை இடறப்பண்ணுமானால் தான் அதை விட்டுவிடத் தயார் என்கிறார். உமக்குச் சரியானதை இன்னொருவருக்காக விடுவது தோல்வி என்று பவுல் நினைக்கவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்தால், 23 வயதுப் பிள்ளை அடுத்த முறை கேட்காமலே செய்யும். சட்டம் உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை. நண்பன் வீட்டிலோ வேறு எங்கோ நீங்கள் அறியாமல் இருக்கும் துவக்கைவிட, உங்களோடு கதைத்து முடிவெடுக்கும் பிள்ளை உங்களுக்குப் பாதுகாப்பு. உங்கள் பயத்தின் காரணத்தைச் சொல்லுங்கள். பிள்ளை எடுத்த பயிற்சியைப் பற்றியும் கேளுங்கள். அப்பாமாரே, இதை அம்மாவின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நியூஸ் பார்க்க வேண்டாம்.

என் பதில் இதுதான். இந்த மாதக் கடைசிக்குள் வாங்க வேண்டாம். நண்பரிடம் போய், இந்தப் பருவத்துக்கு அந்தத் துவக்கை இரவல் தர முடியுமா என்று கேளும். உமக்குச் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருப்பதால் அப்படி இரவல் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. செப்டம்பர் கடைசியில் வாத்துப் பருவம் தொடங்கும்போது அவரோடு சேர்ந்து போம், சுடும், முடிந்ததும் துவக்கு அவர் வீட்டுக்கே போகட்டும். தோட்டாவை நீர் வாங்கும், துடைத்துச் சுத்தம் பண்ணிக் கொடும், பழுதானால் திருத்தக் காசு தருவேன் என்று முதலே சொல்லும்.

டிசம்பரில் மூன்றைப் பாரும். எத்தனை நாள் உண்மையில் போனீர்? அந்தத் துவக்கு உமக்குப் பொருந்தியதா? வீட்டில் அந்தப் பேச்சு எங்கே வந்து நிற்கிறது? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், உறுதி இலக்கத்தோடும் எழுத்தோடும் வாங்கும். வீட்டில் இன்னும் இடமில்லை என்றால் இரவலோடு இன்னொரு பருவம் போம், அல்லது சொந்த வீட்டுக்குப் போகும் நாள்வரை பொறும்.

நண்பருக்கு உடனே காசு தேவை, காத்திருக்க முடியாது என்றால், அவர் வேறு யாருக்காவது விற்கட்டும். அதில் அவருக்கும் குற்றமில்லை, உமக்கும் நட்டமில்லை. பழைய 1100 இந்த நாட்டில் எந்த வருடமும் வாங்கக் கிடைக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. நண்பரிடம் இரவல் பற்றிக் கேளும். அதற்கு முன், அம்மாவிடம் அந்த ஊரும் வருடமும் கேளும். இரண்டு பேரோடும் கதைக்கும்போது கர்த்தர் உமக்குப் பொறுமையைத் தருவாராக.